கரிசல் நிலத்தில் வீடு கட்டுதல்: காலக் கணக்கும் வேலைத் திட்டமும்

வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்

ஏழை மக்களுக்கு வீடு அளிக்கும் பொருட்டு 2016-ஆம் ஆண்டில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமும், 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் தொடங்கப்பெற்றன. பின்னதில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் என விதிக்கப்பட்டது. இப்பணம் வேலையின் முன்னேற்றத்திற்கேற்பத் தவணையாகவே கிடைக்கும். வேலை நின்றால் பணம் நிற்கும். பணம் நின்றால் மேஸ்திரி வேறிடம் போய்விடுவார். அக்குடும்பம் வட்டிக் கடனில் மூழ்கும். ஆகவே திட்டமிடுதல் இன்றியமையாதது.

காலம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே பெருமழைக் காலம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கே ஆட்கள் செல்வதால் சித்தாள் கிடைப்பது அரிது. கோடையிலோ நீர் குறையும். எனவே தையில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பதே மேல். அறுவடை வேலையும் அப்பொழுது உண்டாகையால், கொத்தனாரை முன்னரே பேசி வைத்தல் வேண்டும். அனுமதி ஆடியில் வந்தால், மழைக்கு முன் கூரை போட முடியுமா என்று கணக்கிடுக. முடியாதெனில் அடித்தளத்தோடு நிறுத்துக.

அஸ்திவாரம்

கரிசல் மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவர் விரிசலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோடை வெடிப்பு செல்லும் ஆழத்திற்கும் கீழே, கெட்டி மண் காணும் வரை வானம் தோண்ட வேண்டும். தோண்டிய கரிசலைத் தரைக்கு அடியில் திரும்ப நிரப்பலாகாது. சரளையிட்டு நீர் விட்டுத் திமிசு போடுக. அடித்தள மட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் சுற்றிவர அமைதல் நலம்.

வேலை வரிசை

1. அஸ்திவாரமும் அடித்தளமும்: 3 வாரம்.
2. லிண்டல் வரை சுவர்: 3 வாரம்.
3. மேற்சுவர், சென்ட்ரிங், கூரை: 3 வாரம்.
4. கூரை நீராற்றல்: 2 வாரம்.
5. பூச்சு, தரை, கதவு: 3 வாரம்.

ஆக 14 வாரம். நான்காம் கட்டத்தில் ஆட்கள் சும்மா இருத்தல் வேண்டாம். கழிப்பறைக் குழிகளை அப்பொழுது தோண்டலாம். கதவு, ஜன்னல்களுக்கு இரண்டாம் கட்டத்திலேயே சொல்லி வைக்க வேண்டும்.

பொருட் கணக்கு

300 சதுர அடிக் கூரை 5 அங்குலக் கனமாயின் 125 கன அடி கான்கிரீட் ஆகும். சிமெண்டு 1, மணல் 1½, ஜல்லி 3 என்ற விகிதத்தில் 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 28 தேவை. சேதாரம் சேர்த்து 30 கொள்க. இதனை ஒரே நாளில் போட்டு முடித்தல் வேண்டும். கலப்புச் சிமெண்டாயின் 10 நாளேனும் நீராற்றுக. சிமெண்டு மூன்று மாதம் கிடந்தால் வலுக் குறையும். அந்தந்தக் கட்டத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்குக.

பஞ்சாயத்தின் கடமை

காண்ட்ராக்டருக்கு முன்பணம் முழுவதையும் கொடுத்துவிடலாகாது. கட்டம் முடிந்ததும் அளந்து பார்த்து, தேதியிட்டு எழுதி, அதன் பின் கூலி கொடுப்பதே முறை. முற்றுப்பெறாத வீட்டில் எவரேனும் பட்டாசோ மருந்தோ வைக்க இடங்கொடுத்தல் சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து. அங்கத்தினர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் பார்வையிட்டு, தாமதம் எதனால் என்று கேட்டறிவார்களாயின், எத்தனையோ குடும்பங்கள் அடுத்த மழைக்கு முன் தம் கூரையின் கீழ் உறங்கும்.