காகிதத்தில் ஒரு ஜிமிக்கி

குவில்லிங் என்றதும் "அது பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்று ஒதுங்கும் தம்பிகளே, கொஞ்சம் நில்லுங்கள். நான் இயந்திரப் பொறியியல் மாணவன். ஈஜோக் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் கலை இது. ஒரு காலத்தில் பறவை இறகின் தண்டில் சுற்றினார்களாம், அதனால் அந்தப் பெயர். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு. நம்ம கைக்கு வந்ததும் ஜிமிக்கி ஆகிவிட்டது!

பட்டையின் அகலம் 3 மில்லிமீட்டர், தடிப்பு 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். தட்டையாக நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். அதையே ஓரமாக நிறுத்தினால் வளைவதற்கு 900 மடங்கு எதிர்ப்புக் காட்டும். கணக்கு சுலபம்: அகலம் தடிப்பைப் போல் 30 மடங்கு, 30 பெருக்கல் 30. ஆனால் ஒற்றைப் பட்டை நிற்காது, சாய்ந்துவிடும். சுருட்டினால்தான் ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தாங்கும்.

ஜிமிக்கிக்குப் பல பட்டைகளை நுனியோடு நுனி ஒட்டி, இறுக்கமான வட்டாகச் சுற்ற வேண்டும். கடைசி நுனிக்கு மட்டும் பசை. சுற்றுகளுக்கு நடுவே தடவினால் காரியம் கெட்டது. அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் கோலிக்குண்டின் மேல் வைத்து அழுத்தும்போது வட்டு குடையாகும். பிறகு உள்பக்கம் முழுக்கப் பசை பூசிக் காயவிடுங்கள். இனி அசையாது. கோல சிலாங்கூர் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், காகிதம் அதைக் குடித்து ஊதிவிடும். அதனால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு முறை வார்னிஷ் அவசியம்.

எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் தீபாவளிக்கு ஒரு ஜோடியை 5 ரிங்கிட்டுக்குக் கொடுக்கிறார். கேட்டால், "பேப்பர்தானே தம்பி, இதுக்கு மேல எப்படிக் கேக்குறது?" என்கிறார். ஒரு ஜோடிக்கு அவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். அப்படியென்றால் கைக்கூலி மட்டுமே 16 ரிங்கிட் 34 சென்! பட்டை, பசை, கொக்கி எல்லாம் தனி.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு ஜோடியோடும் ஓர் அட்டை கட்டப்போகிறோம். எத்தனை பட்டை, எவ்வளவு நேரம், என்ன விலை என்று அவர்களே எழுதுவார்கள். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.