சிறுநீர்ப்பை இறக்கம்: அறுவைச் சிகிச்சையும் அதன்பின் ஓய்வும்

நம் தோட்டப்புறத் தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய் ஒன்று உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிதல், மாலையானதும் பெண்ணுறுப்பில் ஏதோ இறங்கி நிற்பது போன்ற பாரம் ஆகியவை அதன் அடையாளங்கள். ‘பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே’ என்று பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். கசிவுக்கு அஞ்சி நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வோரும் உளர். இது பொறுத்துக்கொள்ள வேண்டிய விதியன்று. மருத்துவம் உள்ள நோயே ஆகும்.

நோய் தோன்றும் விதம்

இடுப்பெலும்பின் அடியில் தூளி போல் விரிந்துள்ள தசைகளே சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிள்ளைப்பேற்றின்போது இவை இழுபட்டு நெகிழ்கின்றன. மாதவிலக்கு நின்றபின் மேலும் மெலிகின்றன. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், ஓயாத பாரம் தூக்குதல் ஆகியவை அவற்றின்மேல் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. தாங்கும் தசை தளர்ந்தால், சிறுநீர்ப்பை பெண்ணுறுப்பின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு கீழிறங்குகிறது.

அறுவைக்கு முன் உள்ள வழிகள்

எல்லாருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. சிறுநீரை அடக்குவது போல் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். மூன்று மாதமாவது நாள் தவறாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறையும். இறங்கிய உறுப்பைத் தாங்க, உள்ளே வளையம் பொருத்துவதும் உண்டு. முற்காலத்தில் இரப்பரால் செய்யப்பட்ட இவ்வளையம் இன்று பெரும்பாலும் சிலிக்கோனால் செய்யப்படுகிறது.

திடீரென அவசரம் ஏற்பட்டு, கழிவறை சேருமுன் சிறுநீர் போய்விடுவது வேறு வகை. அதற்குப் பயிற்சியும் மாத்திரையுமே முதல் மருந்து. ஆதலால் கசிவு எப்போது நேர்கிறது என்பதை மருத்துவரிடம் கூச்சமின்றிக் கூறவேண்டும்.

அறுவைச் சிகிச்சை

இறக்கத்தைச் சரிசெய்யும் அறுவை பெரும்பாலும் பெண்ணுறுப்பின் வழியாகவே நடைபெறுகிறது. வயிற்றில் வெட்டு இல்லை. முழு மயக்கம் தந்தோ, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தோ, தளர்ந்த சுவரை இழுத்துத் தைப்பர். தையல் தானே கரைந்துவிடும். சிறுநீர் வடிய ஒரு குழாயை ஓரிரு நாள் வைத்திருப்பர். இருமினால் கசியும் தாய்மார்களுக்குச் சிறுநீர்த் தாரையின் கீழ் ஒரு பட்டையைத் தாங்கலாகப் பொருத்துவதும் உண்டு.

இறக்கத்திற்காகப் பெண்ணுறுப்பின் வழியே செயற்கை வலை பதிக்கும் முறையால் சிலர் துன்புற்றதால், அவ்வலைகளின் விற்பனையை 2019ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நிறுத்தியது. வலையோ பட்டையோ பொருத்துவதாயின், அதன் நன்மை தீமைகளைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுக. சிலருக்கு இறக்கம் மீண்டும் வரக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஆறு வாரக் கடமை

மருத்துவர் செய்வது பாதி. வீட்டார் செய்வது மீதி. வெளியே புண் தெரியாததால், பத்து நாளில் குணமாகிவிட்டதென எண்ணி வேலையில் இறங்குவோர் உளர். உள்தையல் அப்போது உறுதிப்பட்டிராது. பத்து லிட்டர் நீர் நிறைந்த வாளி பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பால் வாளி, குழந்தை எதனையும் தூக்குதல் ஆகாது. தாம்பத்திய உறவும் கூடாது. கடினமான வேலைக்கு மூன்று மாதம் ஆகலாம். ஆயினும் படுத்தே கிடக்கலாகாது. சிறிது சிறிதாக நடக்கவேண்டும். முக்கி மலம் கழிக்காதிருக்கக் கீரை, பழம், போதிய நீர் ஆகியவை தேவை.

சில வாரம் வெண்ணிறக் கசிவு இருப்பது இயல்பே. காய்ச்சல், துர்நாற்றம், மிகுந்த இரத்தப்போக்கு, சிறுநீர் இறங்காமை, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவமனைச் சிகிச்சை தேவையென மருத்துவர் சான்றளித்தால், ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பளிக்கிறது. சம்பளம் போய்விடும் என்றஞ்சி நோயை மறைக்க வேண்டியதில்லை. சான்றிதழை மருத்துவமனையிலேயே கேட்டுப் பெற்று, நிர்வாகத்திடம் ஒப்படைக்கவேண்டும்.

கணவன்மார்களே, வளர்ந்த பிள்ளைகளே! குடும்பத்தின் பாரத்தைப் பல்லாண்டு தாங்கிய தாய்க்கு நாம் தரவேண்டியது ஆறு வாரம். குடத்தை நாம் தூக்குவோம். துணியை நாம் துவைப்போம். இந்நோயின் அடையாளம் உள்ள தாய்மார்கள் இனியும் காலந்தாழ்த்தாமல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். பெண் மருத்துவர் வேண்டுமெனக் கேட்பதில் தவறில்லை. சொல்லாமல் இருப்பதே தவறு.