சினைப் பசுவின் தீவனமும் கன்றின் நலமும்

பால் கறக்கும் பசுவுக்குப் பிண்ணாக்கு வைக்க எவரும் மறப்பதில்லை. காலையில் வைத்தது மாலையில் பாலாகத் திரும்பி வருவதைக் கண்ணால் காண்கிறோம். அதே பசு சினை முதிர்ந்து பால் மறுத்தவுடன், அதன் தொட்டியில் கழுநீரும் அதன் முன்னே வைக்கோலுமே எஞ்சுகின்றன. கறவை இல்லாத மாட்டுக்குச் செலவு எதற்கு என்று குடியானவர்கள் கேட்பதை நாம் பல ஊர்களிலும் கேட்டிருக்கிறோம். பால் பணம் நின்றுவிட்ட காலத்தில் தீவனச் செலவு சுமையே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அடுத்த ஈற்றின் பாலும், பிறக்கப்போகும் கன்றின் உயிரும் பெரும்பாலும் அந்த இரண்டு மாதங்களிலேயே முடிவாகின்றன.

கருவில் வளரும் கன்று

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். எருமைக்கு 310 நாட்கள். முதல் ஆறு மாதங்களில் கரு மெல்லவே வளர்கிறது. கன்று பிறக்கும்போதுள்ள எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அப்போது தாய்க்கு வேண்டிய சத்து கிடைக்காவிடில், அது தன் தசையையும் எலும்பையும் கரைத்துக் கன்றுக்குக் கொடுக்கும். கொடுத்தும் போதாதபோது கன்று மெலிந்து பிறக்கும். எழுந்து நின்று மடியைத் தேடவும் வலுவின்றிக் கிடக்கும். இத்தகைய கன்று ஒரு வாரத்துக்குள் கழிச்சல் கண்டு இறந்தால், "நம் ராசி அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். ராசிக்கு இதில் பங்கில்லை.

தலைச்சூல் கிடாரியின் நிலை இன்னும் கடினமானது. அதன் உடலே வளர்ச்சி முடியாதது. வயிற்றில் மற்றொன்றும் வளர்கிறது. ஆகையால் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தல் வேண்டும்.

நாளைக் குறித்து வைத்தல்

தீவனத்தை எப்போது கூட்டுவது என்பதை அறியச் சினைப்படுத்திய நாள் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும். ஜனவரி 15-இல் சினைப்படுத்திய பசு அக்டோபர் 22 வாக்கில் ஈனும். அதற்கு 60 நாட்களுக்கு முன்னர், அதாவது ஆகஸ்ட் 23 வாக்கில், பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். ஒரு லிட்டர் வருகிறதே என்று கடைசி வரை கறப்பவர்கள் உண்டு. அந்த ஒரு லிட்டர் கன்றின் பங்கிலிருந்து வருவது. ஓய்வு பெறாத மடி அடுத்த ஈற்றில் குறைவாகவே சுரக்கும்.

என்ன கொடுப்பது?

பசுவின் உடலைக் காக்க வேண்டிய வழக்கமான தீவனத்துக்கு மேலாக, இந்தக் கடைசி இரண்டு மாதங்களில் நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1½ கிலோவும், கலப்பினப் பசுவுக்கு 1½ முதல் 2 கிலோவும் கலப்புத் தீவனம் கொடுக்கலாம். அரைக் கிலோவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வீட்டிலேயே கலந்துகொள்வோர் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 35 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 30 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ என்று சேர்க்கலாம். நாளொன்றுக்கு 1½ கிலோ வீதம் 60 நாட்களுக்கு ஆவது 90 கிலோ. ஒரு கன்றின் விலையோடு இதன் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர்களின் பொறுப்பு.

பசுந்தீவனம் நாள்தோறும் 15 முதல் 20 கிலோ வரை கிடைத்தால் நன்று. இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. உலர்ந்த வைக்கோலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் சத்து இல்லையென்றே சொல்லலாம். கோடை முழுவதும் வைக்கோலையே தின்ற பசுவுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுவதும், பார்வையற்ற அல்லது நோஞ்சான் கன்று பிறப்பதும் இக்குறையால் நேரக்கூடும். கம்பு நேப்பியர்ப் புல் போட நிலமில்லாதவர்கள் வேலியோரத்து அகத்தியையும் சவுண்டலையும் நம்பலாம். ஆனால் சவுண்டல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

தாது உப்பு கண்ணுக்குச் சிறிதாயினும் காரியத்தில் பெரிது. மாடு மண்ணையும் துணியையும் எலும்பையும் நக்கித் திரிவது பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவின் அடையாளம். அயோடின் குறைந்தால் கன்று கழுத்தில் வீக்கத்தோடு பிறக்கும். மேற்சொன்ன கலவையில் 1½ கிலோ கொடுத்தால் 30 கிராம் தாது உப்பு சேர்ந்துவிடுகிறது. அதைக் கலக்காமல் வெறும் பிண்ணாக்கும் தவிடும் வைப்போர், 30 முதல் 50 கிராம் வரை தனியே சேர்க்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இக்கலவையைத் தயாரித்து வழங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈனும் நாள் நெருங்கியதும் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் புட்டி புட்டியாகப் புகட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், விளைவு நேர்மாறாகலாம். கடைசி மூன்று வாரங்களில் அச்சத்து மிகுந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் திறன் பசுவின் உடலில் மந்தமாகிவிடும். ஈன்றவுடன் பால் பெருகும்போது தேவையை ஈடுசெய்ய இயலாமல் பசு பால் காய்ச்சல் கண்டு படுத்துவிடும். ஆகவே அம்மருந்தும், தழைத் தீவனங்களை மிகுதியாகக் கொடுப்பதும் அந்நாட்களில் வேண்டா. முன் ஈற்றில் பால் காய்ச்சல் கண்ட பசுவாயின், தாது உப்பின் அளவையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். பசுவைக் கொழுக்க வைப்பதும் தவறே. கொழுத்த பசு ஈனச் சிரமப்படும். விலா எலும்புகள் தடவினால் தெரிய வேண்டும்; தொலைவிலிருந்து எண்ணும்படி தெரியலாகாது.

சீம்பால்

இத்தனை செலவும் கன்றுக்குப் போய்ச் சேரும் வாயில் சீம்பால். நோயை எதிர்க்கும் ஆற்றல், மனிதக் குழந்தைக்கு வருவதுபோலக் கருப்பையில் கன்றுக்கு வருவதில்லை; முழுவதும் சீம்பாலின் வழியேதான் வரவேண்டும். நன்கு தீவனம் பெற்ற தாயின் சீம்பாலே செறிவாக இருக்கும். அதைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறனோ, பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

நம் ஊர்களிலோ நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடாத வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கொடி விழ ஆறு, எட்டு மணி நேரமாகலாம். கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதை எவரும் குறைகூற வேண்டியதில்லை. அதற்காகக் கன்றைப் பட்டினி போடுவதுதான் கூடாது. கன்று ஊட்டுவதால் கொடி விழுவது தடைப்படுவதில்லை; மாறாக, ஊட்டும்போது கருப்பை சுருங்குவதால் கொடி விழ அது துணைசெய்யும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் 2½ லிட்டர் சீம்பால் சேர வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே போனால் மிக நன்று. எழ இயலாத கன்றுக்குக் கறந்து புட்டியில் புகட்டலாம். அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் வழங்குவது இனிய பழக்கமே. கன்று குடித்தது போக மிஞ்சியதை வழங்கலாம். காளைக் கன்றுதானே என்று விட்டுவிடுவோர்க்கும் இதையே சொல்வோம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

ஊரில் எத்தனை பசுக்கள் நிறைசினையாக உள்ளன என்ற கணக்கு பஞ்சாயத்தில் இருப்பின், கால்நடை மருந்தகத்தின் உதவியாளர் வரும் நாளில் அவற்றை ஒருங்கே காட்டலாம். ஈனும் முன்னர் வேண்டிய குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் அவர் சொற்படி முடிக்கலாம். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசி, பால் நின்ற இரண்டு மாதங்களுக்குத் தாது உப்பையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, பசு ஈன்றபின் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஏழை வீட்டில் அறிவுரையைவிட இந்தத் தவணையே பெரிதும் உதவும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் தீவனம் வைப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆதலால் இவை குறித்துப் பேசும் கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில், காலைக் கறவை முடிந்தபின் வைத்துக்கொள்ள வேண்டும்.