ஒளிரும் பொருளும் கரும்பொருளும்: பேரண்டத் திரட்சி குறித்த ஓர் ஒப்பாய்வு

இரவு வானை நோக்கும் நாம், ஒளி மிக்க இடத்தில் பொருளும் மிக்கிருக்கும் என இயல்பாகவே எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1933ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிணைத்து வைக்கப் போதாது எனக் கண்டார். 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் மண்டலங்களின் சுழற்சியை அளந்து இக்கருத்திற்கு வலுச் சேர்த்தனர். பிளாங்க் விண்கலத் தரவுகளின்படி, பேரண்டப் பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருளே.

இவ்விரு பொருள்களும் ஒரே வகையில் திரள்கின்றனவா என்பதே நம் வினா. சிறிய அளவில் அவை வேறுபடுகின்றன. வாயு தன் ஆற்றலை ஒளியாக வெளியிட்டுக் குளிர்ந்து, மையத்தில் ஒடுங்கி விண்மீன்களாகிறது. கரும்பொருள் ஒளியை உமிழாது; ஆகவே அவ்வாறு ஒடுங்காமல் மண்டலத்தைச் சூழ்ந்து பரந்து நிற்கிறது.

பெரிய அளவில் நிலை என்ன? 1984இல் நிக் கைசர் ஒரு விளக்கம் தந்தார். குறிப்பிட்ட உயரத்திற்கு மேற்பட்ட சிகரங்களை மட்டும் எண்ணினால், அவை மலைத்தொடர்களிலேயே நெருங்கிக் காணப்படும். சமவெளியில் சிறு குன்று இருப்பினும் அவ்வுயரத்தை எட்டாது. அதுபோலவே, அடர்த்தி மிக்க இடங்களில் மட்டும் தோன்றும் கொத்துகள், மொத்தப் பொருளைவிட மிகுதியாகத் திரண்டு தோன்றும். இம்மிகுதியைக் குறிக்கும் அளவைச் சார்பு எண் எனக் கொள்வோம்.

இவ்வெண் பேரண்டத்தின் எடையையே மாற்றவல்லது. மண்டலங்களின் திரட்சி பொருளின் திரட்சியைவிட மிகுதியெனில், அவற்றை ஈர்க்கும் பொருள்திரள் தோற்றத்தைவிட மெலிந்தது எனப் பொருள். அப்போது, நாம் காணும் நகர்வுகளை விளக்கப் பேரண்டத்தில் மொத்தப் பொருள் கூடுதலாக இருத்தல் வேண்டும். 1980களில் பலர் சார்பு எண்ணை 2க்கு மேல் எனக் கொண்டு, பொருள் நிறைந்த பேரண்டத்தை வகுத்தனர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஏறத்தாழ 2,20,000 மண்டலங்களை அளந்த ஆய்வு இதனைச் சோதித்தது. மண்டலங்களை மும்மூன்றாக எடுத்து அவற்றின் அமைப்பைக் கணித்தபோது, பெரிய அளவில் சார்பு எண் 1ஐ ஒட்டியதே என 2002இல் தெரியவந்தது. அதன்படி, பேரண்டம் விரிவதைத் தடுத்து நிறுத்தும் அளவிற்குத் தேவையான பொருளில் ஏறத்தாழ 27 விழுக்காடே உள்ளது.

எனினும், எல்லா மண்டலங்களும் ஒரு தன்மையன அல்ல. பேரொளி மண்டலங்கள் மங்கியவற்றைவிடவும், சிவந்தவை நீலமானவற்றைவிடவும் நெருங்கித் திரள்கின்றன. எவற்றை எண்ணுகிறோமோ அவற்றிற்கேற்பச் சார்பு எண்ணும் மாறும்.

ஆகவே, ஒளி கரும்பொருளுக்குச் சாட்சியாகும். ஆயினும் அச்சாட்சியைச் சீர்தூக்கியே ஏற்றல் வேண்டும். தொலைமண்டலங்களின் உருவை ஈர்ப்பு சற்றே திரிப்பதைக் கொண்டு, ஒளியின் துணையின்றியே கரும்பொருளின் பரவலை நேரே அளக்க 2023இல் யூக்ளிட் விண்கலம் ஏவப்பட்டது. காண்பதைக் கொண்டு காணாததை அளந்தறியும் இம்முயற்சியில் நம் மாணவரும் ஈடுபடுதல் வேண்டும் என்பதே நம் விழைவு.