எண்ணெயில் இயங்கும் வீட்டுக் கணப்பமைப்பு: குளிர்காலத்துக்கு முந்தைய பராமரிப்பு

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெயின், வெர்மான்ட் முதலிய மாநிலங்களில் குழாய்வழி எரிவாயு எட்டாத ஊர்கள் பல இருப்பதால், அங்குள்ள வீடுகளில் கணிசமானவை எண்ணெயை எரித்தே குளிரைச் சமாளிக்கின்றன. நிலவறையில் நிற்கும் 275 கேலன் (ஏறத்தாழ 1,040 லிட்டர்) எஃகுத் தொட்டியிலிருந்து, டீசலை ஒத்ததும் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டதுமான எண்ணெய் பர்னருக்கு வருகிறது. பர்னரின் பம்ப் அதனைச் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 140 பவுண்டு வரையிலான அழுத்தத்தில் நாசில் என்னும் நுண்துளை முனை வழியே பனிப்புகை போலப் பீய்ச்ச, மின்பொறி அதைப் பற்றவைக்கிறது. துளை மிகச் சிறியதாகையால் சிறிதளவு கசடோ நீரோ காற்றுக் குமிழியோ சுடரை அணைத்துவிடும். ஆகவே எண்ணெயைத் தூய்மையாகவும் குழாயைக் காற்றின்றியும் வைத்திருப்பதே வீட்டார் செய்யத்தக்க பராமரிப்பின் சாரம்.

1. நிறுத்துதல். தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது. பெரும்பாலும் நிலவறைப் படிக்கட்டின் தலைமாட்டில் சிவப்புத் தகட்டுடன் இருக்கும் அவசர சுவிட்சை அணைத்து, பர்னர் ஆறிய பின், தொட்டியின் அடியிலுள்ள வால்வையும் மூடவேண்டும்.

2. ஃபில்டரை மாற்றுதல். தொட்டிக்கும் பர்னருக்கும் இடையே உள்ள ஃபில்டர் கிண்ணத்தின் கீழ் ஒரு தட்டை வைத்து, மேல்மூடியின் போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கவேண்டும். பழைய ஃபில்டரை அகற்றி, அடியில் படிந்த கருங்கசட்டைத் துணியால் துடைத்தெடுத்து, புதிய ஃபில்டரையும் அதனுடன் வரும் கேஸ்கெட்டுகளையும், அதாவது கசிவைத் தடுக்கும் வளையங்களையும், பொருத்தவேண்டும். பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதைப் போடுவது கசிவுக்கு வழிவகுக்கும். பின்னர் வால்வைத் திறந்து, ஃபில்டர் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, எண்ணெய் எட்டிப்பார்த்ததும் இறுக்கவேண்டும்.

3. காற்றை வெளியேற்றுதல். ஃபில்டரை மாற்றிய பின்னரும், தொட்டி வற்றி மீண்டும் நிரப்பப்பட்ட பின்னரும் இது தேவைப்படும். பம்பின் காற்றுநீக்கு முனையில் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாத்திரத்தில் விட்டு, 3/8 அங்குல ஸ்பேனரால் முனையைத் தளர்த்திய பின் பர்னரை இயக்கவேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும் எண்ணெய் இடையறாத சிவப்புத் தாரையாக மாறியதும், பர்னர் ஓடும்போதே முனையை இறுக்கினால் சுடர் பிடிக்கும்.

4. ரீசெட் பொத்தானில் எச்சரிக்கை. சுடர் பிடிக்கவில்லையெனில் பாதுகாப்புக் கருவி பர்னரை நிறுத்திவிடும். அதை மீண்டும் இயக்கும் சிவப்புப் பொத்தானை ஒரு முறைக்கு மேல் அழுத்தலாகாது. காற்று நீக்கும் முனை மூடியிருக்கும்போது ஒவ்வொரு அழுத்தலிலும் எரியாத எண்ணெய் எரிகலத்தில் தேங்கும் என்பதோடு, பின்னர் அது ஒருசேரப் பற்றும்போது வீடு முழுவதும் கரியை வாரியிறைக்கும் வெடிப்பும் நேரக்கூடும்.

5. சுற்றுப்புறச் சோதனை. புகைக்குழாயின் இணைப்புகளில் துருவோ இடைவெளியோ உள்ளதா எனப் பார்ப்பதும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதவை. வெந்நீர் பாய்லராயின், இரண்டு மாடி வீட்டில் ஆறிய நிலையில் அழுத்தமானி ஏறத்தாழ 12 பவுண்டைக் காட்டவேண்டும். வெப்பக்காற்று அமைப்பாயின் காற்று ஃபில்டரையும் மாற்றவேண்டும். கோடையில் எஃகுத் தொட்டியை நிறைத்து வைத்தால், வெற்றிடத்தின் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிச் சேர்வதும், அதனால் தொட்டியின் அடி உள்ளிருந்து துருப்பிடிப்பதும் குறையும்.

நாசிலை மாற்றுவது, மின்முனைகளின் இடைவெளியைச் சரிசெய்வது, சுடருக்கான காற்றின் அளவை அமைப்பது ஆகியவற்றைக் கண்ணளவாகச் செய்ய இயலாது. புகைவாயுவை அளக்கும் கருவிகள் அவற்றுக்குத் தேவையாதலால், அவை உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் ஆண்டுச் சோதனைக்கு உரியவை. எண்ணெய் வாடை நீங்காதிருந்தாலோ, புகைபோக்கியில் கரும்புகை எழுந்தாலோ, மேற்கண்ட படிகளைத் தொடராமல் சுவிட்சை அணைத்துவிட்டு அவரை அழைப்பதே முறை.