அஞ்சுவண்ணம்: ஒரு பழைய வணிகக் குழுவின் தோற்றமும் வழக்கங்களும்

காவிரியின் இக்கரையில் பள்ளிபாளையமும் அக்கரையில் ஈரோடும் தறியாலும் துணி வணிகத்தாலும் பெயர் பெற்றவை. நெய்பவர், நூல் விற்பவர், துணி வாங்குபவர், வண்டி ஓட்டுபவர் எனப் பலர் ஒருவரையொருவர் நம்பினாலன்றி இத்தொழில் நடவாது. இந்நம்பிக்கையை ஓர் ஒழுங்காக அமைத்துக்கொண்ட பழங்குழுக்கள் தமிழகத்தில் இருந்தன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்பன அவற்றுள் சில. இவற்றுள் அஞ்சுவண்ணத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெயர்க்காரணம்

அஞ்சுவண்ணம் என்பதை ஐந்து வருணம் அல்லது ஐவகைத் தொழிலாளர் எனப் பொருள் கொண்டாரும் உளர். அவை, என்றால் கூட்டம் எனப் பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு திரிந்தது என்பது இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கருத்தாகும். அதே சொல் உருது வழியாக மீண்டும் வந்து, நம் சமுதாய அமைப்புகள் பலவற்றின் பெயரில் அஞ்சுமன் என்றே வழங்குகிறது. ஒரே சொல் இரு காலத்தில் இரு வழியில் நம்மை அடைந்துள்ளமை எண்ணி இன்புறத்தக்கது.

தோற்றம்

இக்குழுவின் பெயர் முதன்முதலில் காணப்படுவது கி.பி. 849ஆம் ஆண்டுக்குரிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலாகும். வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடையை அது கூறுகிறது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இடம்பெற்றன. சான்றாளர் கையொப்பங்கள் அரபு, பாகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. முஸ்லிம், கிறித்தவர், யூதர் ஆகிய மேற்காசிய வணிகர் ஒருங்கே இயங்கினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. காலம் செல்லச் செல்லத் தமிழகக் கரையில் இப்பெயர் முஸ்லிம் வணிகர்க்கே சிறப்பாக உரியதாயிற்று. தமிழில் கிடைத்த மிகப் பழைய இசுலாமியச் செய்யுள்களாகக் கருதப்பெறும் பல்சந்தமாலையிலும் அஞ்சுவண்ணத்தார் குறிக்கப்பெறுகின்றனர்.

வழக்கங்கள்

இக்குழுக்களின் வழக்கங்களுள் தலையாயது மகமை. ஒவ்வொரு பொதிக்கும் இவ்வளவு எனத் தாமே விதித்துக்கொண்டு, அத்தொகையைப் பொதுப்பணிக்கு வழங்குதல் அது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கல்வெட்டு, மகமைக்குரிய சரக்குகளை வரிசைப்படுத்துகிறது. சுமத்திராவின் பாருசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டோ ஐந்நூற்றுவர் கடல் கடந்தும் இம்முறையைக் கொண்டு சென்றதைக் காட்டுகிறது.

அடுத்தது கூடி முடிவெடுத்தல். தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டு (1269) இதற்குச் சிறந்த சான்று. அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் பட்டாரியர், கைக்கோளர் முதலிய நெசவாளரும் பிறரும் ஒன்றுகூடி, சரக்கின் மீது மகமை வைத்து, அவ்வூர்க் கோயிலுக்கு வழங்க இசைந்தனர். சமயம் வேறாயினும் ஊர் ஒன்று என்னும் உணர்வு அங்கு நிலவியது. கிறித்தவப் பள்ளியின் உரிமையைக் காத்தவரும் கோயிலுக்கு மகமை ஈந்தவரும் ஒரே பெயருடைய குழுவினர் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்றைய எச்சம்

கப்பல் வணிகம் மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. தென்காசி, திருவிதாங்கோடு ஆகிய ஊர்களில் அஞ்சுவண்ணம் என்னும் பெயர் பள்ளிவாசலோடும் நெசவுத்தொழில் செய்த முஸ்லிம் மக்களோடும் இணைந்து வழங்கிவந்தது. தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பாவின் தர்காவைப் பேணும் சங்கமும் அஞ்சுவன்னம் என்றே பெயர் பூண்டுள்ளது. அப்பெருமகனாரும் தறி நெய்தவர் என்பது மரபுச் செய்தி. கடலோடிகளின் பெயர் தறியாளரிடம் வந்து தங்கியமை, தறியோசை ஓயாத இவ்வூரார்க்கு நெருக்கமான செய்தியன்றோ!

முடிவுரை

நம் முன்னோர் இம்மண்ணுக்கு விருந்தினராக வந்து விலகி நின்றவர் அல்லர். ஊர்ச் சபையில் அமர்ந்து, ஊர்ப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர். இதனைக் கல்லும் செம்பும் சொல்கின்றன. ஆயினும் எல்லாச் செய்தியும் கல்லில் இல்லை. மகமை என்னும் சொல்லும் அதனையொத்த பழைய தொழிற்சொற்களும் முதியோர் நாவில் எஞ்சியுள்ளன. அவர் மறைந்தால் அவையும் மறையும். மாணவச் செல்வங்கள் விடுமுறை நாளில் தத்தம் ஊர்த் தறிக்கூடத்திலும் சந்தையிலும் பெரியோரை அணுகிக் கேட்டு, அச்சொற்களைக் குறித்து வைப்பார்களாக. தமிழுக்கும் நம் சமுதாயத்துக்கும் அதுவே நாம் செலுத்தும் மகமை.