வாத்தின் கொழுப்பில் தங்கிய போர்

அன்புள்ள கயல்,

போர் முடிந்தால் அதில் போட்ட விஷமும் போய்விடாதா என்று கேட்டிருந்தாய். வியட்நாமில் போகவில்லை. அமெரிக்கப் படைகள் 1973-இல் அந்நாட்டைவிட்டு வெளியேறின. ஹோசிமின் நகரத்துக்கு அருகிலுள்ள பியன் ஹோவா விமானத் தளத்தின் மண்ணோ இன்னும் சுத்தமாகவில்லை.

1962 முதல் 1971 வரை தெற்கு வியட்நாமின் காடுகள், வயல்கள் மீது அமெரிக்க விமானங்கள் தெளித்த களைக்கொல்லி 7 கோடி லிட்டருக்கும் அதிகம். காட்டில் பதுங்கிய கெரில்லாக்களுக்கு மறைவிடம் இருக்கக் கூடாது, சாப்பிட நெல்லும் இருக்கக் கூடாது என்பதுதான் திட்டம். அதிகம் பயன்பட்ட கலவை ஏஜென்ட் ஆரஞ்ச். 208 லிட்டர் பீப்பாய்களின் நடுவே ஆரஞ்சு வண்ணப் பட்டை அடித்திருந்ததால் வந்த பெயர் அது.

அந்தக் களைக்கொல்லி செடியின் வளர்ச்சியைத் தாறுமாறாகத் தூண்டி இலைகளை உதிர வைக்கும். பிறகு மண்ணில் சில மாதங்களுக்குள் சிதைந்துவிடும். வினை வேறொன்றில் இருந்தது. தொழிற்சாலையில் அதைத் தயாரிக்கும்போது வெப்பம் மிஞ்சினால் டையாக்சின் என்ற நஞ்சு துளித்துளியாக உருவாகிக் கலந்துவிடும். இலைமேல் விழுந்த டையாக்சினை வெயில் ஓரளவு சிதைத்துவிடும். மண்ணுக்குள் போய்விட்டால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

பியன் ஹோவாவில் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள், விமானங்களில் நிரப்பினார்கள், கழுவினார்கள். சிந்தியதும் கசிந்ததும் மண்ணில் ஊறின. டையாக்சின் தண்ணீரில் கரையாது. சேற்றில் ஒட்டிக்கொண்டு மழையோடு குளத்துக்குப் போகும். குளத்தில் சேற்றைக் கிளறித் தின்னும் மீன், அதே சேற்றில் அலகை நுழைத்து மேயும் வாத்து என அவற்றின் கொழுப்பில் போய்ச் சேரும். போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து அந்த ஊரின் வாத்து, மீன்களைச் சோதித்தபோதும் டையாக்சின் மிக அதிகமாக இருந்தது. மனித உடலில் புகுந்த அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். தாய்ப்பாலிலும் அது வரும். போரைப் பார்த்தேயிராத குழந்தைக்கு அது போய்ச் சேரும் வழி இதுதான்.

காடுகளில் ஒன்று மீண்டிருக்கிறது. கான் ஜியோவில் அழிந்த அலையாத்திக் காட்டை 1978 முதல் மக்கள் கையால் நட்டு வளர்த்தார்கள். நட்டதில் பெரும்பகுதி, நம் பிச்சாவரத்தில் நிற்கிற அதே சுரபுன்னை வகை. 2000-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆ லுவோய் மலைச்சரிவுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மரம் போன இடத்தில் ஆளுயரப் புல் மண்டியது. கோடையில் அது தீப்பிடிக்க, முளைத்த கன்றுகளும் கருகின.

மனிதர்களின் கணக்கில்தான் அநியாயம் பளிச்சென்று தெரிகிறது. தெளித்த பகுதிகளில் இருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 1984-இல் ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. சில புற்றுநோய்கள், நீரிழிவு, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றுக்கு முன்னாள் வீரர்கள் அமெரிக்க அரசிடம் உதவித்தொகை பெறலாம். வியட்நாமியர்கள் அதே நிறுவனங்கள்மீது போட்ட வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2005-இல் தள்ளுபடி செய்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. பிறவிக் குறைபாடுகளில் எத்தனை டையாக்சினால் வந்தவை என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் நடக்கட்டும். படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு நாற்பது வயதாகியும் சோறூட்டும் தாயை அதைக் காட்டிக் காக்கவைப்பது கொடுமை.

சுத்தம் செய்வது எவ்வளவு பாடு என்பதற்கு டா நாங் விமான நிலையம் சாட்சி. 2012 முதல் 2018 வரை அங்கே 90,000 கன மீட்டர் மண்ணைத் தோண்டி, கான்கிரீட் தொட்டிக்குள் குவித்து, சூடேற்றும் குழாய்களைச் செருகி 335 டிகிரி செல்சியஸ் வரை சுட்டார்கள். பியன் ஹோவாவில் மாசுபட்ட மண் சுமார் 5 லட்சம் கன மீட்டர்.

வேதியியல் படிக்கப் போகிறாய் என்பதால் ஆர்தர் கால்ஸ்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோயா சீக்கிரம் பூக்க வழி தேடிய அமெரிக்கத் தாவரவியலாளர் அவர். குறிப்பிட்ட ரசாயனத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் இலை உதிரும் என்று 1940-களில் அவர் கண்டது, ராணுவத்தின் இலையுதிர்ப்பு ஆராய்ச்சிக்கு உதவியது. அதையறிந்த அவர் தெளிப்புக்கு எதிராகச் சக அறிவியலாளர்களைத் திரட்டினார், அரசிடம் வாதாடினார். ஏஜென்ட் ஆரஞ்ச் தெளிப்பு 1970-இல் நிறுத்தப்பட்டதில் அவர்களுக்கும் பங்குண்டு. கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படி. என்ன தோன்றியது என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா